கை கழுவச் சொன்னவர்

வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையின் மகப்பேறு வாசலில் 1846ஆம் ஆண்டில் ஒரு விந்தையான காட்சியை அடிக்கடி காண முடிந்தது. நிறைமாதக் கர்ப்பிணிகள், வலி எடுத்த நிலையிலும், உள்ளே வர மறுத்து அழுதார்கள். முழந்தாளிட்டுக் கைகூப்பினார்கள். அவர்கள் மருத்துவமனைக்கே அஞ்சியவர்கள் அல்லர். அதே கட்டடத்தில் அடுத்த வாசலுக்குத் தங்களை அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் அவர்களது வேண்டுகோள். முதல் வாசலில் பேறு பார்த்தவர்கள் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். அடுத்த வாசலில் பேறு பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். படித்த டாக்டர் வேண்டாம், மருத்துவச்சி போதும் என்று அந்த ஏழைப் பெண்கள் மன்றாடியதை, அறியாமை என்று தள்ளிவிட்டனர் அன்றைய பேராசிரியர்கள். அறியாமை அன்று என்று கண்டுகொண்டவர் ஒரே ஒருவர். இருபத்தெட்டு வயது உதவி மருத்துவரான இக்னாஸ் பிலிப் செம்மல்வைஸ் என்பது அவர் பெயர்.

ஹங்கேரி நாட்டில், டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள பூடா நகரில், தாபான் என்னும் பகுதியில் 1818ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை மளிகை வணிகர். ஓரளவு வசதியான குடும்பம். பிள்ளைகள் பலர். மகன் வழக்கறிஞராக வேண்டும் என்று 1837இல் வியன்னாவுக்குச் சட்டம் படிக்க அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே அவர் சட்டத்தை விட்டு மருத்துவத்துக்கு மாறிவிட்டார். 1844இல் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு, தாவரங்களின் வாழ்வைப் பற்றியது. பொது மருத்துவத்தில் வேலை கேட்டுக் கிடைக்கவில்லை. கிடைத்தது மகப்பேற்றுத் துறை. அன்று அத்துறைக்குப் பெரிய மதிப்பில்லை. விரும்பிய இடம் கிடைக்காமல் வேறு பாடத்தில் சேர்ந்து படிக்கும் நம்மில் பலருக்கு இது ஓர் ஆறுதலாக இருக்கலாம்!

வியன்னா பொது மருத்துவமனை ஐரோப்பாவிலேயே புகழ் பெற்றது. அதன் மகப்பேற்றுப் பகுதியில் ஏழைப் பெண்களுக்கும், மணமாகாமல் தாயாகிவிட்ட பெண்களுக்கும் இலவசமாகப் பேறு பார்க்கப்பட்டது. குழந்தையை அனாதை இல்லத்தில் விட்டுச் செல்லவும் வழியிருந்தது. இதற்கு ஈடாக, அந்தப் பெண்கள் தங்கள் உடலைப் பயிற்சி மாணவர்களின் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என இரு பிரிவுகள். 1840இல் வந்த ஓர் அரசாணை முதல் பிரிவை மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்கும், இரண்டாம் பிரிவை மருத்துவச்சிகளின் பயிற்சிக்கும் ஒதுக்கியது. எந்தப் பெண் எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை அவளோ டாக்டரோ முடிவு செய்வதில்லை. கிழமைதான் முடிவு செய்தது. இன்று முதல் பிரிவு, நாளை இரண்டாம் பிரிவு என்று 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சேர்க்கை மாறும். வாரத்தில் ஒருமுறை மட்டும் முதல் பிரிவுக்குத் தொடர்ந்து இரண்டு நாள்.

இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுவாக, டாக்டரிடம் போன பெண்களையும் மருத்துவச்சியிடம் போன பெண்களையும் ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு நேர்மையாக அமைவதில்லை. சிக்கலான பேறுகள் டாக்டரிடம் போய்விடும், எளியவை மருத்துவச்சியிடம் நின்றுவிடும். பணமுள்ளவர் ஓரிடம், இல்லாதவர் வேறிடம் என்றும் பிரிந்துவிடும். வியன்னாவில் அப்படியில்லை. ஒரே தரத்துப் பெண்கள், ஒரே கூரை, ஒரே சமையல், ஒரே காற்று. செவ்வாய்க்கிழமை வலி எடுத்ததா, புதன்கிழமை வலி எடுத்ததா என்பது ஒன்றே வேறுபாடு. யாரும் திட்டமிடாமலேயே அமைந்துவிட்ட ஒரு பெரும் சோதனைக்கூடம் அது.

கணக்கு என்ன சொன்னது? 1841 முதல் 1846 முடிய ஆறு ஆண்டுகளில் முதல் பிரிவில் 20,042 பேறுகள். இறந்த தாய்மார் 1,989 பேர். அதாவது நூற்றுக்குப் பத்துப் பேர். இரண்டாம் பிரிவில் 17,791 பேறுகள். இறந்தவர் 691 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 1846இல் மட்டும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் கொடியது. டாக்டர்கள் பிரிவில் 4,010க்கு 459 மரணம்; மருத்துவச்சிகள் பிரிவில் 3,754க்கு 105 மரணம். இதிலும் ஒரு மறைவு இருந்தது. முதல் பிரிவில் நோய் முற்றியவர்களைச் சில காலங்களில் பொது வார்டுகளுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே இறந்தவர்கள் மகப்பேற்றுக் கணக்கில் வரமாட்டார்கள்.

அவர்களைக் கொன்றது பிரசவ ஜன்னி. பிள்ளை பிறந்த ஓரிரு நாளில் குளிர் நடுக்கம் காணும்; ஜுரம் ஏறும்; வயிறு உப்பித் தொடவொண்ணாமல் வலிக்கும்; பிறகு பிதற்றல், அதன் பிறகு முடிவு. நம் பக்கத்துப் பாட்டிமார் இந்தச் சொல்லைச் சொல்லும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஐரோப்பாவில் படித்தவர்கள் இதற்குச் சொன்ன காரணம், காற்றிலும் மண்ணிலும் விண்ணிலும் பரவிக் கிடக்கும் ஒரு கெட்ட ஆற்றல் என்பது. செம்மல்வைஸ் இதைக் கேட்டுத் திருப்தியடையவில்லை. கெட்ட காற்று ஒரு பிரிவில் நுழைந்துவிட்டு, முன்கூடம்கூடப் பொதுவாக உள்ள மறு பிரிவில் நுழையாமல் நிற்குமா? நகரத்தில் வீடுகளில் பேறு நடக்கும் பெண்களை அது ஏன் அவ்வாறு வாட்டவில்லை?

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நெரிசல் காரணமா? இல்லை, மருத்துவச்சிகள் பிரிவில்தான் நெரிசல் மிகுதி. எல்லாப் பெண்களும் அங்கல்லவா போகத் துடித்தார்கள். பேற்றின்போது படுக்கவைக்கும் முறையா? மருத்துவச்சிகள் பிரிவில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள், முதல் பிரிவிலும் அப்படியே செய்யச் சொன்னார், பயனில்லை. அச்சமா? முதல் பிரிவில் சாகும் தறுவாயில் இருப்பவளுக்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் பாதிரியார், மணியடிக்கும் உதவியாளுடன் ஐந்து அறைகளைக் கடந்தே நோயறைக்குப் போக வேண்டியிருந்தது. மணியோசை கேட்ட ஒவ்வொருத்தியும் அடுத்தது நானோ என்று நடுங்கினாள். மணியை நிறுத்தச் செய்து, பாதிரியாரைச் சுற்றுவழியில் வரச்செய்தார். சாவு குறையவில்லை.

எல்லாவற்றிலும் விந்தையானது தெருப்பிரசவம். வரும் வழியிலேயே, தெருவிலோ வண்டியிலோ பிள்ளை பெற்றுவிட்டு வந்து சேரும் பெண்களுக்கும் இலவசச் சலுகை உண்டு. துணையின்றிக் குளிரில் கல்தரையில் பெற்ற அவர்கள்தான் செத்திருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஜன்னி அரிதாகவே கண்டது. நகரத்துப் பெண்கள் சிலர் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வீட்டில் மருத்துவச்சியை வைத்துப் பெற்றுவிட்டு, உடனே வண்டி பிடித்து வந்து, வழியில் பிறந்துவிட்டதாகச் சொல்லிச் சேர்ந்துகொள்வார்கள். சலுகையும் கிடைத்தது, டாக்டர் கையும் படவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுபுறம், வலி நீடித்து ஒரு நாள், இரண்டு நாள் பேற்றறையில் கிடந்த தலைப்பிரசவப் பெண்கள் முதல் பிரிவில் பெரும்பாலும் இறந்தார்கள். அவர்களை மாணவர்கள் பலமுறை சோதித்துப் பார்த்திருப்பார்கள். இந்தக் கணக்கெல்லாம் அவர் கையில் இருந்தது. விடை மட்டும் கிட்டவில்லை.

விடை வந்தது ஒரு நண்பரின் சாவிலிருந்து. 1847 மார்ச்சில் செம்மல்வைஸ் வெனிஸ் நகருக்கு ஓய்வுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது, சட்ட மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொல்லெட்ச்கா இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. பிணச்சோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி தவறி அவர் விரலில் பட்டது; அந்தச் சிறு காயத்திலிருந்து நஞ்சு ஏறி மாண்டார். அவரது உடலைச் சோதித்த அறிக்கையைச் செம்மல்வைஸ் வாசித்தார். நிணநீர் நாளங்களிலும் வயிற்றுச் சவ்விலும் மார்புச் சவ்விலும் மூளைச் சவ்விலும் அழற்சி. அவர் நூற்றுக்கணக்கான தாய்மாரின் உடலில் கண்டது அதுவே. ஆண் ஒருவருக்குப் பிரசவ ஜன்னி! அப்படியானால் அது பிரசவத்தால் வருவதன்று, பிணத்திலிருந்து வருவது.

டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையோடு பேற்றறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. வேறுபாடு அவ்வளவே! திறமையிலோ பரிவிலோ படிப்பிலோ அன்று, கையில் ஒட்டிக்கொண்டிருந்ததில். பழைய கணக்கும் இதற்கு ஒத்து வந்தது. யோஹான் போயர் என்பவர் தலைவராக இருந்த காலத்தில் பயிற்சிக்குப் பிணங்களைப் பயன்படுத்தாமல் பொம்மை உருவத்தைப் பயன்படுத்தினார். சாவு மிகக் குறைவாக இருந்தது. 1822இல் அவர் விலகி யோஹான் கிளைன் வந்தார். பிணச்சோதனைப் பயிற்சி வந்தது. சாவும் உடன் வந்தது.

இங்கேதான் இந்த வாழ்க்கையின் கொடிய திருப்பம் இருக்கிறது. ஜன்னியின் காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று, இறந்த தாய்மாரின் உடலை மற்றவர்களைக் காட்டிலும் மிகுதியாக, நாள்தோறும் விடியற்காலையில் அறுத்துப் பார்த்தவர் செம்மல்வைஸ்தான். அங்கிருந்து நேரே வார்டுக்குப் போனவரும் அவர்தான். அவர் விடுப்பில் இருந்த மாதங்களில் சாவு குறைந்ததையும், அவர் திரும்பிய பின் ஏறியதையும் கணக்குப் புத்தகம் காட்டியது. தம்மால் காலத்துக்கு முன்பே கல்லறைக்குப் போன பெண்களின் தொகையைக் கடவுள் ஒருவரே அறிவார் என்ற பொருளில் அவர் பின்னாளில் தம் நூலிலேயே எழுதி வைத்தார். தமது குற்றத்தைத் தாமே எண்ணிக்கையோடு அச்சிட்டுக் கொடுத்த மருத்துவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சோப்பினால் கழுவினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. முன்பு விலங்கியல் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்நாளில் சோதனைக்கூடத்தில் தவளை அறுத்த கையை மூன்று முறை சோப்புப் போட்டாலும், விடுதியில் சோற்றைப் பிசையும்போது அந்த வாடை திரும்ப வந்தது. வாடை இருக்கும் வரை பொருளும் இருக்கிறது என்பது செம்மல்வைஸின் கணிப்பு. வாடையைப் போக்கும் பொருளைத் தேடினார். முதலில் குளோரின் நீர். அது விலை மிகுதி என்பதால் பிறகு குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு. நம் ஊரில் நகராட்சிக்காரர்கள் சாக்கடை ஓரம் தூவும் அதே பிளீச்சிங் பவுடர்தான். 1847 மே மாத நடுவில் முதல் பிரிவின் வாசலில் ஒரு பாத்திரத்தில் இதைக் கரைத்து வைத்து, உள்ளே வரும் எவரும் கை கழுவாமல் கர்ப்பிணியைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டார்.

ஏப்ரலில் 312 பேறுகளுக்கு 57 மரணம். ஜூனில் 268க்கு 6. ஜூலையில் 250க்கு 3.

அக்டோபரில் ஓர் இடி விழுந்தது. கருப்பையில் புற்றுநோய்ப் புண் இருந்த ஒரு பெண்ணை முதல் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். சோதனை அவளிடமிருந்து தொடங்கியது. அவளைத் தொட்ட பின் சோப்பினால் மட்டும் கழுவிவிட்டு அடுத்த கட்டில்களுக்குப் போனார்கள். உடன் பெற்ற பன்னிரண்டு பேரில் பதினொருவர் இறந்தார்கள். பிணத்திலிருந்து மட்டுமல்ல, உயிருள்ள உடலின் சீழிலிருந்தும் நஞ்சு பரவும் என்று அவர் உணர்ந்தார். இனி ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பின்பும் கழுவ வேண்டும் என்று விதியைக் கடுமையாக்கினார். 1848ஆம் ஆண்டு முழுவதும் முதல் பிரிவில் 3,556 பேறுகளுக்கு 45 மரணம். மருத்துவச்சிகள் பிரிவில் 3,219க்கு 43. அவ்வாண்டில் மார்ச், ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் டாக்டர்கள் பிரிவில் ஒரு தாயும் சாகவில்லை. எந்த வாசல் என்ற கேள்விக்கே பொருளில்லாமற் போயிற்று.

இத்தனைக்குப் பிறகு ஊரே திரண்டு பாராட்டியிருக்கும் என்று நினைப்போம். ஸ்கோடா, ஹெப்ரா, ரொகிடான்ஸ்கி ஆகிய மூவரும் ஆதரித்தார்கள், மூவரும் பெரியவர்கள். ஆனால் துறைத் தலைவர் கிளைன் ஏற்கவில்லை. டாக்டரின் கையே எமன் என்பதை எந்த டாக்டர் எளிதில் ஒப்புவார்? ஒப்பியவர்களுக்கும் அது எளிதாக இருக்கவில்லை. கீல் நகரத்து மகப்பேற்றுப் பேராசிரியர் மிகாயெலிஸ், தாம் சோதித்த தம் உறவுப் பெண் ஜன்னியில் இறந்ததற்குத் தாமே காரணம் என்று உணர்ந்து, 1848இல் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார். 1848 புரட்சிக்குப் பின் வியன்னாவில் ஹங்கேரியர்களுக்கு இருந்த நிலையும் சாதகமானதன்று. 1849 மார்ச்சில் செம்மல்வைஸின் பதவிக்காலம் முடிந்தது; நீட்டிக்கவில்லை. கை கழுவச் சொன்னவரை மருத்துவமனை கைகழுவிவிட்டது. 1850இல் பொம்மை உருவத்தை வைத்து மட்டும் பாடம் நடத்தலாம் என்று ஓர் அனுமதி கிடைத்தது. சில நாட்களிலேயே ஆதரித்த நண்பர்களிடமும் சொல்லிக்கொள்ளாமல் வியன்னாவை விட்டுப் போய்விட்டார்.

அவரிடமும் குறை இருந்தது. அதை மறைத்தல் முறையாகாது. கண்டுபிடித்ததை உடனே எழுதி வெளியிடவில்லை. நண்பர்கள் எழுதினார்கள், அவர் எழுதவில்லை. முதல் கட்டுரை 1858இல், பெரிய நூல் 1861ஆம் ஆண்டிட்டு வந்தது. நூலும் படிக்க எளிதன்று. சொன்னதையே சொல்லும், எதிரிகளோடு பக்கம் பக்கமாக வாதாடும். மற்றவர்கள் இந்நோய் தொற்று என்று முன்பே சொல்லியிருந்தார்கள்: 1795இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் அலெக்சாண்டர் கார்டன், 1843இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். செம்மல்வைஸ் கிருமியைக் கண்டாரில்லை. அழுகிய பொருளின் துகள் என்றே கருதினார். ஏன் கழுவ வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் அரைகுறையே. ஆனால் கழுவினால் என்ன ஆகும் என்பதை அவரைப் போல எண்ணிக் காட்டியவர் அதற்கு முன் இல்லை.

பெஸ்ட் நகரில் புனித ரோக்குஸ் மருத்துவமனையில் 1851 முதல் ஆறு ஆண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். 933 பேறுகளில் ஜன்னியால் இறந்தவர் 8 பேர். 1855இல் அங்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1857இல் மணம் புரிந்தார். குழந்தைகள் ஐவர். வெளியுலகம் மட்டும் மாறவில்லை. தம்மை எதிர்த்த பேராசிரியர்களுக்கு வெளிப்படைக் கடிதங்கள் எழுதி, அவர்களைக் கொலைகாரர்கள் என்றே சாடினார். பெயர்போன விர்ச்சோவும் அவர் கருத்தை ஏற்காதவர்களில் ஒருவர். நாள் செல்லச் செல்ல அவர் மனம் குலைந்தது. எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் ஜன்னியில் வந்து முடித்தார்.

1865 ஜூலை இறுதியில் அவரை வியன்னாவுக்கு அழைத்துச் சென்றனர். ஒரு மருத்துவ நிலையத்தைச் சுற்றிக் காட்டுவதுபோல் அழைத்துப் போய் மனநோய் விடுதியில் விட்டவர், அவரது பழைய நண்பர் ஹெப்ரா. வெளியேற முயன்றபோது காவலர்கள் கடுமையாக அடித்து அடக்கினார்கள். கையில் ஏற்பட்ட புண் அழுகி, நஞ்சு இரத்தத்தில் கலந்தது. ஆகஸ்டு 13ஆம் நாள், 47ஆவது வயதில் இறந்தார். கொல்லெட்ச்காவைக் கொன்றதும், அந்த 1,989 தாய்மாரைக் கொன்றதும் எதுவோ, அவரைக் கொன்றதும் பெரும்பாலும் அதுவே. அதற்கு முந்திய நாள், ஆகஸ்டு 12ஆம் நாள், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த ஒரு சிறுவனின் புண்ணில் முதன்முதலாகக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைச் சுற்றினார். செம்மல்வைஸ் என்ற பெயரை அவர் அப்போது கேள்விப்பட்டதில்லை. 1879இல் பாரிசில் ஒரு மருத்துவக் கூட்டத்தில் லூயி பாஸ்டர் எழுந்துபோய்க் கரும்பலகையில் மணிச்சரம் போன்ற ஒரு வடிவத்தை வரைந்து, பிரசவ ஜன்னியின் கிருமி இதுதான் என்று காட்டினார்.

செம்மல்வைஸ் இருந்த பெஸ்ட் பதவிக்கு வேறொருவர் வந்தார். சாவு நூற்றுக்கு ஆறாக ஏறியது. யாரும் கேட்கவில்லை. அவருடைய எலும்புகள் வியன்னாவிலிருந்து 1891இல் புடாபெஸ்ட் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1964இல், தாபானில் அவர் பிறந்த அதே வீட்டின் முற்றத்துச் சுவரில் அவை வைக்கப்பட்டன. அந்த வீடு இப்போது மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம்.